துரியோதனன் தொடை உடையும் களத்தில் பெண்கள் எங்கே? பாரதப் போரைத் துரத்திய கேமராக்கள்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் என்றதும் ஞாபகம் வருவது சாலையோரத்து வெள்ளைக் குவியல்கள்தான். தூத்துக்குடி, வேதாரண்யம் வரிசையில் உப்புக்குப் பேர்போன ஊர். தை, மாசியில் பாத்திகளைச் சீர்செய்து உப்புத் தண்ணீரைத் தேக்கினால், வடகிழக்குப் பருவமழை வந்து எல்லாவற்றையும் கரைக்கும் வரை வேலை ஓடும். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்குகிறவர்களில் பெண்கள் நிறைய. வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்து கரையேற்றுகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மையே கண்ணைக் கூசும். அதனால்தான் அந்த அவசரம்.

உப்பு விளையும் அதே வெயில் மாதங்களில்தான் இந்தக் கரையிலிருந்து மேற்கே திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வரை ஒரு போரும் நடக்கிறது. பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரை, ஊர் ஊராக. பாண்டவர்களுக்கும் கௌரவர்களுக்கும் நடந்த பதினெட்டு நாள் போர். திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊர்களில் அந்தப் போரைப் படிக்கிறார்கள், ஆடுகிறார்கள், கடைசியில் ஊரே கூடி நடத்தியும் முடிக்கிறார்கள்.

போருக்குக் காரணம் ஒரு பெண். கோயிலில் சாமியாக இருப்பதும் அதே பெண். ஆனால் களத்தில் இறங்கிப் போர் புரிகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்கள்தான். திரௌபதியாக வருகிறவர்கூட சேலை கட்டிய ஆண்தான்! இந்தப் போரைப் படமெடுக்க வந்தவர்களின் கேமராவில் அந்த முரண்பாடு எப்படிப் பதிவானது, பிறகு பெண்கள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பது தனிக் கதை.

மண்ணில் படுத்திருக்கும் ராஜா

படுகளம் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம்.

திருவிழா தொடங்கியதும் பகலில் பாரதப் பிரசங்கம். பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடி, பேச்சு வழக்கில் கதை சொல்வார். சில நாட்கள் கழிந்ததும் இரவில் கூத்து சேர்ந்துகொள்ளும். திரௌபதி கல்யாணம், ராஜசூய யாகம், பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கதை. பத்து மணி வாக்கில் ஆரம்பித்தால் விடியும்போதுதான் மங்களம். பகலில் பிரசங்கி சொன்ன கதையை இரவில் கூத்துக்காரர்கள் உயிரோடு கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர்கள் ஆடியதை மறுநாள் கோயில் சடங்கு தொடரும். எது கதை, எது பூஜை என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

கடைசி நாள் பதினெட்டாம் போர். கோயில் எதிரே திறந்த வெளியில் மண்ணைக் குழைத்து ஒரு மாபெரும் துரியோதனனைச் செய்திருப்பார்கள். மல்லாந்து படுத்த உருவம். கிரீடம், முறுக்கிய மீசை, உருட்டி விழிக்கும் கண், கையில் கதாயுதம். தலையிலிருந்து கால் வரை நடந்து பார்த்தால்தான் அளவு புரியும். தொடைக்குள் சிவப்பு நீர் நிரம்பிய பானையைப் புதைத்து வைத்திருப்பார்கள்.

காலையில், இரவு முழுக்க ஆடிய களைப்போடு பீமனும் துரியோதனனும் அந்த மண் உடலைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். ஊர்ச் சனமும் கூட ஓடும். பீமன் தொடையில் அடிப்பான். பானை உடையும். அந்தச் ‘ரத்தத்தை’த் தொட்டுத்தான், அன்று சபையில் அவிழ்ந்த கூந்தலைத் திரௌபதி முடிவாள். கூட்டத்தில் அங்கங்கே பெண்களுக்குச் சாமி வந்துவிடும். அதோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. துரியோதனன் மனைவி பெருந்திருவாள் முறமும் துடைப்பமுமாக வந்து புருஷன் பிணத்தின் மேல் விழுந்து ஒப்பாரி வைப்பாள். ஜெயித்தவர்கள் கோயிலில் நின்று, தோற்றவன் மனைவியின் அழுகையையும் கேட்கச் சொல்லும் திருவிழா இது. மாலையில் தீமிதி.

காவல் தெய்வங்களைப் பற்றியும் ஒரு வரி. திரௌபதிக்குக் காவலாக நிற்கும் போத்துராஜாவோடு பல கோயில்களில் முத்தால் ராவுத்தரும் இருப்பார். ராவுத்தர் ஒரு முஸ்லிம். மகாபாரதத்தில் ஏது முஸ்லிம் என்று கேட்டால், ‘எங்க பாரதத்துல இருக்காரு’ என்பதுதான் ஊரின் பதிலாக இருக்கும்.

அழுகிறவள், படுக்கிறவள், மண் எடுக்கிறவள்

இந்தப் போரில் ஊர்ப் பெண்களுக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது. எங்கே என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அர்ச்சுனன் தபசு அன்று உயரமான பனைமரத்தை நட்டு, படி கட்டி வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக மேலே ஏறுவார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தைச் சுற்றித் தரையில் படுத்துக் கிடப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழமும் விபூதியும் தங்கள் மேல் விழாதா என்று காத்திருப்பார்கள். முந்தானையை விரித்து நிற்கும் பெண்கள் வேறு. படுகளத்தன்று துரியோதனன் உடைந்து விழுந்ததும், அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போவதிலும் பெண்கள் முன்னால் நிற்பார்கள். கேடு அண்டாது, விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் பெண்களும் தீமிதிக்கிறார்கள். கடல் தாண்டிப் போன இதே திருவிழா, சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் நடக்கும்போது தீயில் இறங்குவது ஆண்கள் மட்டும்தான். பெண்களுக்கு அங்கே வேறு வேண்டுதல்கள். இலங்கையில் உடப்பு, பாண்டிருப்பு ஊர்களிலும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி உண்டு. உடப்பும் கடலோர ஊர்தான்.

ஆக, பெண் வேண்டுவாள், அழுவாள், சாமி வந்து ஆடுவாள். கதாயுதம் மட்டும் அவள் கைக்கு வராது. முகத்துக்கு அரிதாரம் பூசி, கட்டியங்காரன் அறிவிக்க, திரைக்குப் பின்னாலிருந்து ‘வந்தேனே’ என்று நுழையும் உரிமை அவளுக்கு இல்லை. இரவெல்லாம் வெளியே இருப்பது, ஊர் ஊராக வேனில் போவது, ஆண்களோடு ஆடுவது, சடங்குக் களத்தில் தீட்டு என்று அதற்குக் காரணங்கள் வரிசையாகச் சொல்லப்பட்டன. இதில் விசித்திரம் என்னவென்றால், துகில் உரியும் காட்சியில் திரௌபதி வேடக்காரரின் கதறலைக் கேட்டு அழுகிறவர்களில் பெரும்பாலோர் முன்வரிசைப் பெண்கள்தான். தங்களுக்கு நடந்ததை ஓர் ஆண் ஆடிக் காட்ட, அதைப் பார்த்து இவர்கள் அழுதார்கள்.

ரீடேக் இல்லாத போர்

திரௌபதி வழிபாட்டை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தவர்களில் முக்கியமானவர் ஆல்ஃப் ஹில்டபைடல். அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். செஞ்சி வட்டாரத்துக் கோயில்களைத் தேடித் தேடி அலைந்தவர். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி கோயில்தான் இந்த வழிபாட்டுக்கு ஆதி என்ற உள்ளூர் நம்பிக்கையைப் பின்தொடர்ந்து போனவர். திரௌபதி வழிபாடு பற்றிய அவருடைய இரண்டு பெரிய ஆங்கிலத் தொகுதிகள் 1988-லும் 1991-லும் வெளிவந்தன. முதல் தொகுதி வந்த அதே 1988-ல்தான் ‘லேடி ஆஃப் ஜிஞ்சி’ என்ற இரண்டு பகுதி வீடியோ படமும் வந்தது. செஞ்சியின் நாயகி! வெளிநாட்டு வகுப்பறைகளில் மாணவர்கள் பலருக்குப் படுகளம் அறிமுகமானது அதன் மூலமாகத்தான். அவர் 2023-ல் காலமானார்.

அவருடையது ஆய்வாளரின் கண். எந்தச் சடங்குக்குப் பின் எந்தச் சடங்கு, எந்த வரியில் எந்தக் கோயில் மரபு மாறுகிறது என்று பார்க்கும் கண். அதற்குப் பிறகு, சினிமாக்காரரின் கண்ணோடு வந்தவர் சஷிகாந்த் அனந்தாச்சாரி. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். பெங்களூரிலுள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் அமைப்பின் உதவியோடு அவர் எடுத்த ஆவணப்படம் ‘கேளாய் திரௌபதை’.

கூத்தைப் படமெடுப்பது எவ்வளவு சிரமம் என்பதை ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்கள் யூகிக்கலாம். ஆட்டம் எட்டு மணி நேரம். வெளிச்சம் என்பது அன்றைக்கு ஊர் போட்டுக் கொடுத்த விளக்குதான். முகவீணையின் உச்சமும் ஆர்மோனியமும் மிருதங்கமும் டோலக்கும் தாளமும் ஒன்றாக ஏறும்போது வசனத்தைப் பிரித்துப் பதிவது பெரும்பாடு. நடிகர் எந்தப் பக்கம் கிறுகிறுவென்று சுற்றுவார் என்று முன்கூட்டித் தெரியாது. முக்கியமாக, ரீடேக் கிடையாது. பானை ஒரு தடவைதான் உடையும். அந்த நொடியில் கேமரா எங்கே திரும்பியிருந்ததோ அதுதான் படம்.

அங்கேதான் ஆவணப்படக்காரருக்குச் சோதனை. ஓடுகிற பீமன் பின்னாலேயே போனால் படம் விறுவிறுப்பாக வரும். ஆனால் திருவிழாவின் பாதி, களத்தின் ஓரத்தில் நடக்கிறது. கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு நிற்கும் பாட்டி, சாமி வந்து ஆடுகிறவளைத் தாங்கிப் பிடிக்கும் அண்ணி, விரதமிருந்து தீமிதிக்கக் காத்திருக்கும் கல்லூரிப் பெண் என்று. மேடை மீது மட்டும் கண் வைத்தவருக்கு இவர்கள் கூட்டம். திருவிழா மொத்தத்தையும் பார்க்க வந்தவருக்கு இவர்களும் பாத்திரங்கள். ‘கேளாய் திரௌபதை’ கூத்தை ஒரு மேடைக் கலையாகப் பார்க்காமல், ஒரு கிராமமே சில வாரங்களுக்குப் பாரத பூமியாக மாறிப்போகும் நிகழ்வாகப் பார்த்தது. அதனால்தான் அது கூத்துக் கலைஞர்கள் பற்றிய படமாக மட்டும் நிற்கவில்லை.

இன்னொரு விஷயம். இந்த வட்டாரத்தில் நிஜப் போர்களுக்குப் பஞ்சமில்லை. மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கம் பக்கத்தில் கடலோரம் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டை, 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயரால் உடைக்கப்பட்டது. செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல் பிடித்தது. 2025-ல் அது யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆலம்பரைச் சண்டையை இன்று யாரும் நடித்துக் காட்டுவதில்லை. மாலை நேரத்தில் செல்ஃபிக்கு நல்ல இடம், அவ்வளவுதான். செஞ்சியின் ராஜா தேசிங்கு மட்டும் கதைப்பாடலிலும் கூத்திலும் பிழைத்துக்கொண்டார். 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டவர். அந்தக் கதையிலும் பெண்ணுக்குக் கிடைத்த இடம் புருஷனோடு தீயில் இறங்குவதுதான். அந்த ராணியின் நினைவாகவே ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் என்று சொல்லப்படுகிறது.

கழிவறையிலிருந்து வெளியே வந்த சிப்பாய்

பழைய போரை மறுபடி நடத்திப் பார்ப்பது தமிழ்நாட்டு வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரை, அன்றைய சீருடை, அன்றைய துப்பாக்கியோடு வார இறுதிகளில் நடித்துப் பார்ப்பது பெரிய பொழுதுபோக்கு. பீரங்கிகூட வெடிக்கும். அங்கேயும் கிட்டத்தட்ட இதே தகராறு!

1989-ல் மேரிலாந்து மாநிலத்தின் ஆன்டீட்டம் போர்க்களப் பூங்காவில் நடந்த நிகழ்ச்சியில் லாரன் குக் பர்ஜெஸ் என்ற பெண் ஆண் சிப்பாய் வேடத்தில் கலந்துகொண்டார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்கள் கழிவறையிலிருந்து வெளியே வந்தபோது மாட்டிக்கொண்டார். ‘பெண்கள் சிப்பாயாக நடித்தால் அது வரலாறாக இருக்காது’ என்ற ரீதியில் வெளியேறச் சொன்னார்கள். அவர் விடவில்லை. அரசு மீது வழக்குப் போட்டார். 1993-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

அதைவிட சுவாரஸ்யம், அவர் தேடி எடுத்த ஆதாரங்கள். அந்த நிஜப் போரிலேயே பெண்கள் ஆண் பெயரில், ஆண் உடையில் துப்பாக்கி ஏந்தியிருக்கிறார்கள். லயன்ஸ் வேக்மேன் என்ற பெயரில் சிப்பாயாக இருந்த ரோசெட்டா வேக்மேன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை லாரன் குக் 1994-ல் நூலாக்கினார். பிறகு டியான் பிளாண்டனோடு சேர்ந்து 2002-ல் வெளியிட்ட புத்தகத்தில் இப்படிச் சுமார் 250 பெண்களின் தடயங்களைத் திரட்டிக் காட்டினார். ‘வரலாற்றுப்படி இல்லை’ என்று விரட்டப்பட்டவர்தான் கடைசியில் வரலாற்றைக் காட்டினார்.

தீர்ப்பு வந்து பல வருடங்கள் கழித்தும் களத்தில் முணுமுணுப்பு ஓயவில்லை. ஜே.ஆர். ஹார்ட்மேன் என்ற பெண் இயக்குநர், தானே சிப்பாய்ச் சீருடை போட்டுக்கொண்டு இப்படி வேடமிடும் பெண்களோடு போய், ‘ரீஎனாக்ட்ரஸ்’ என்ற பெயரில் ஆவணப்படம் எடுக்க இறங்கியது அதனால்தான். கேமராவோடு ஓரத்தில் நிற்காமல், வரிசைக்குள்ளேயே நின்று பார்க்கிற படம்.

அமெரிக்காவில் பெண் ஆண் வேடமிட்டு ஒளிந்து நுழைந்தாள். இங்கே ஆண் பெண் வேடமிட்டு வெளிப்படையாக நுழைந்தான். இரண்டு இடத்திலும் பெண்ணாகவே பெண் நிற்க இடமில்லை.

புஜக்கட்டை மாட்டிய பெண்கள்

தமிழ்நாட்டில் அந்தக் கதவைத் தட்டியவர்கள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள்.

பெருங்கட்டூர் பி.ராஜகோபால் கூத்துக் குடும்பத்தில் பிறந்து, பத்து வயதில் களத்தில் இறங்கியவர். கூத்தை ஆராய்ச்சி செய்ய நெதர்லாந்திலிருந்து வந்தவர் ஹன்னா டி புருயின். இருவரும் வாழ்க்கைத் துணையானார்கள். கலைஞர்களைச் சேர்த்து 1990-ல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். தெருக்கூத்து என்ற பெயர் வேண்டாம், கட்டைக்கூத்து என்பதே சரி என்பது அவர்கள் கட்சி. ராஜ வேடங்கள் அணியும் மரத்தாலான கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் இவற்றால் வந்த பெயர் அது. தெருக்கூத்து என்றே சொல்கிற, அதையே பெருமையாகச் சொல்கிற குழுக்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

2002-ல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் குருகுலம் திறந்தார்கள். காலையில் கூத்துப் பயிற்சி, பகலில் வழக்கமான பள்ளிப் படிப்பு. பையன்களோடு பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கூத்துக் குடும்பங்களே மகனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு மகளை வீட்டில் வைத்த வட்டாரம் அது.

கட்டை வேடம் சும்மா இல்லை. கிரீடத்தின் கனம் நெற்றியில் இறங்கும். தோள் இரண்டிலும் கட்டை. காலில் கெச்சை. விறைப்பாக விரிந்த பாவாடை. இதை மாட்டிக்கொண்டு கிறுக்கி சுற்ற வேண்டும், மைக்கை நம்பாமல் உச்சக் குரலில் பாட வேண்டும், விடியும் வரை தாங்க வேண்டும். ‘பெண்களுக்கு உடம்பு தாங்காது’ என்பது பழைய வாதம். மரக்காணத்து உப்பளத்தில் வெயிலில் கூடை சுமக்கும் பெண்களிடம் யாரும் அந்த வாதத்தை வைத்ததாகத் தெரியவில்லை!

குருகுலத்துப் பெண்கள் திரௌபதியாக மட்டும் ஆடவில்லை. ஆண் வேடங்களையும் கட்டினார்கள். கட்டை மாட்டி, மீசை வரைந்து, பெண் ராஜாவாகத் திரையை விலக்கி வந்தபோது கூட்டம் முதலில் வேடிக்கை பார்த்தது. பாட்டு எடுபட்டதும் கதைக்குள் போய்விட்டது. கூத்து ரசிகர்களின் குணம் அது. சாரீரமும் அடவும் சரியாக இருந்தால் மற்றதை மன்னித்துவிடுவார்கள்.

சிக்கல் களத்தில் வரவில்லை, கல்யாணத்தில் வந்தது. பத்து வருடம் பயிற்சி எடுத்த பெண், கல்யாணம் ஆனதும் நின்றுவிடுவது திரும்பத் திரும்ப நடந்தது. புகுந்த வீட்டுக்குக் கூத்து பிடிக்க வேண்டும், இரவு நேரப் பயணத்துக்குச் சம்மதிக்க வேண்டும், குழந்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கூத்துக்காரரின் மகன் நாற்பது, ஐம்பது வருடம் ஆடுவான் என்று கணக்குப் போடலாம். மகள் எத்தனை வருடம் ஆடுவாள் என்பதை அவளைத் தவிர எல்லோரும் முடிவு செய்தார்கள். அதையும் தாண்டித் தொடர்ந்து ஆடுகிற பெண்கள் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சர்யம்.

2020-ல் குருகுலம் மூடப்பட்டது. அதே வருடம் கொரோனா. பங்குனித் திருவிழாக்களுக்கு நாள் குறித்திருந்த நேரத்தில் ஊரடங்கு வந்தது. 2021-லும் அதே மாதங்களில் மறுபடி ஊரடங்கு. வருடத்தில் சில மாத வருமானத்தை நம்பியிருக்கும் கூத்துக் குழுக்களுக்கு அடுத்தடுத்து இரண்டு சீசன் போனது. மழை முந்திக்கொண்ட உப்பளத்துக்காரர்களுக்கு அந்த நஷ்டம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

யார் உள்ளே, யார் வெளியே?

களத்துக்குள் யார் வரலாம் என்ற கேள்வி பெண்களோடு நிற்பதில்லை. விழுப்புரம் அருகே மேல்பாதி கிராமத்தில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியல் சமூக மக்கள் நுழைவதில் எழுந்த மோதலால், 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அடுத்த வருடம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படிதான் பூஜைக்குத் திறந்தது. நியாயம் கேட்டுச் சபையில் நின்றவளின் கோயில் வாசலில் இப்படி! திருவிழாவின் அழகை மட்டும் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதையும் பார்த்தே ஆக வேண்டும்.

உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் வேறொரு காட்சி. போருக்கு முன் களபலியாகும் அரவானைத் திருநங்கைகள் கணவனாக ஏற்றுத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அவன் பலியானதும் தாலியறுத்து, வெள்ளைச் சேலை கட்டி அழுகிறார்கள். பாரதப் போரின் முதல் விதவை அவர்கள்தான். சித்திரை மாதத்தில் அங்கே குவியும் கேமராக்களுக்கு அளவே இல்லை. அழகிப் போட்டியும் தாலி கட்டுவதும் செய்தியாகிவிடும். மறுநாள் காலை ஒப்பாரியின்போது கேமராக்கள் பாதியாகக் குறைந்திருக்கும்.

இப்போது படமெடுக்க அமெரிக்கப் பேராசிரியரோ புனே மாணவரோ தேவையில்லை. யூடியூபில் ‘கர்ண மோட்சம் முழு இரவு’ என்று தேடினால் மணிக்கணக்கில் ஓடும் காணொலிகள் கொட்டும். டிரைபாட், இரண்டு மைக், டிரோன் வைத்து விடிய விடிய எடுத்துப் பதிவேற்றுகிற உள்ளூர் இளைஞர்கள்தான் இன்றைய ஆவணப்படக்காரர்கள். சென்னையில் வேலை பார்ப்பவரும் துபாயில் இருப்பவரும் சொந்த ஊர்ப் படுகளத்தை போனில் பார்க்கிறார்கள். கூத்துக்கு இது நல்லதா என்று பெரியவர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. தங்கள் பாட்டு லட்சம் பேரைச் சென்றடைகிறது என்று ஒரு தரப்பு. பார்க்க வேண்டியவன் வீட்டிலேயே பார்த்துவிட்டால் களத்தில் யார் உட்காருவது என்று இன்னொரு தரப்பு.

பெண்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. இரவு முழுக்க வெளியே உட்கார அனுமதி கிடைக்காத பெண், கூத்தின் ஒவ்வோர் அடவையும் போனில் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது. பெண் கலைஞர்கள் ஆடும் காணொலியும் அதே தேடலில் அவள் கண்ணில் படுகிறது. நஷ்டமும் ஒன்று உண்டு. டிரோன் மேலே போனதும் படுகளம் பிரமாதமாகத் தெரியும். மண் துரியோதனன் தலை முதல் கால் வரை ஒரே ஃபிரேமில் வருவான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஓரத்துப் பெண்கள் வெறும் வண்ணப் புள்ளிகள்.

பானை உடைந்து, கூந்தல் முடிந்து, கூட்டம் ஓய்ந்த பிறகு பெரும்பாலான போன்கள் பைக்குள் போய்விடும். வெயில் உச்சிக்கு வந்திருக்கும். வேடம் கலைக்காத பீமன் ஒரு நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பார். தீமிதிக் குண்டத்துக்கு விறகு அடுக்கும் சத்தம் கேட்கும். அந்த இடைவெளியில்தான் பெண்கள் ஒவ்வொருவராகக் களத்துக்குள் வருவார்கள். குனிந்து, துரியோதனன் உடம்பிலிருந்து ஈரமான ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வார்கள். சிறுமிகள் சிலர், அப்போது யாரும் தடுக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், கீழே கிடக்கும் கதாயுதத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள்.